பெங்களூரில் எங்கள் கட்டுச்சோற்று நாட்கள்

கம்மனஹள்ளிக்குக் குடிவந்த முதல் வருடம், ஆயுத பூஜை விடுமுறையில் ஒரே நாளில் மூன்று இடங்களைப் பார்த்துவிடுவது என்று திட்டம் போட்டோம். தொட்ட ஆலமரம், மஞ்சனபெலே அணை, சாவனதுர்கா பாறை. மூன்றும் நகரத்துக்கு மேற்கே, ஒரே திசையில் இருப்பவை. காலை எட்டரைக்குக் கிளம்பினோம். தசராவுக்காக ஊரே மைசூரு சாலையில் இருந்தது. ஆலமரத்தை அடையும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது. பசியோடு ஜமக்காளத்தை விரித்தோம். பிளாஸ்டிக் பையின் சரசரப்புக் கேட்டதும் மேலே இருந்த குரங்குகள் இறங்கிவிட்டன. இட்லிப் பொட்டலம் ஒன்று கிளைக்குப் போனது. மிச்சமிருந்த இட்லிக்குத் தேங்காய்ச் சட்டினியைத் திறந்தால் புளித்த வாடை. மகன் அப்போது கைக்குழந்தைப் பருவம் தாண்டியிருந்தான், அவ்வளவுதான். வெயிலும் பசியும் சேர்ந்து காரிலேயே வாந்தி எடுத்தான். மாகடி சாலையில் மழை பிடித்துக்கொண்டது. அணையையும் பார்க்கவில்லை, பாறையையும் பார்க்கவில்லை. அந்த ஆலமரத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

அன்று இரவு அம்மா சொன்ன ஒரு விஷயம்தான் எங்கள் பழக்கத்தையே மாற்றியது. அம்மாவுக்கு வாணியம்பாடி. சின்ன வயதில் அவர்களுக்கு வெளியே போவது என்றால் ஆடிப்பதினெட்டுக்குப் பாலாற்று மணலுக்குப் போவதுதான். கலந்த சாதம் கட்டிக்கொண்டு போய், மணலில் ஊற்று தோண்டி, அந்தத் தண்ணீரைக் குடித்து, சாயங்காலம் வரை இருந்துவிட்டு வருவார்கள். "ஒவ்வொரு வருஷமும் அதே இடம்தான். ஒரு வருஷம் ஊத்து முழங்கை ஆழத்துல வரும், இன்னொரு வருஷம் ஆள் உயரம் தோண்டணும். அதைப் பாக்கத்தான் போவோம்" என்றார்.

சரி, நாமும் அப்படியே செய்து பார்க்கலாம் என்று முடிவெடுத்தோம். புது இடங்களைத் துரத்துவதை விட்டுவிட்டு, நான்கைந்து இடங்களை மட்டும் தேர்ந்துகொண்டு, வருடம் முழுவதும் திரும்பத் திரும்பப் போவது. ஒரு நாளைக்கு ஒரே இடம். காலை ஆறு மணிக்குள் கிளம்பி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு திரும்புவது. ஆறு வருடங்கள் ஆகின்றன. பெங்களூரில் பருவமே தெரியாது, எப்போதும் ஒரே குளிர்ச்சிதான் என்று சொல்பவர்களை இப்போது என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. ஒரே மரத்தடிக்கு வருடத்தில் நான்கு முறை போய் நின்றால் தெரிந்துவிடும்.

தொட்ட ஆலமரத்துக்கு மறுபடி போனது ஒரு கார்த்திகை மாதம், வேலை நாளில். ராமோஹள்ளிக்குப் பக்கத்தில், ஏறத்தாழ மூன்று ஏக்கருக்குப் பரந்து கிடக்கிற மரம் அது. வயது நானூறு என்கிறார்கள். அதன் மூலமரம் நோய் தாக்கிப் பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. இன்று நிற்பவை எல்லாம் விழுதுகள் ஊன்றி வளர்ந்த அடிமரங்கள். நடுவில் தாய் இல்லை என்பது சொன்னால்தான் தெரியும். அதைக் கேட்ட மகள், மையம் எங்கே இருந்திருக்கும் என்று ஒரு மணி நேரம் தேடினாள். விழுதிலிருந்து விழுதுக்குத் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். முதல் முறை நாங்கள் குரங்குகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே இடம். இந்த முறை சாப்பாடு காரின் டிக்கியில், எவர்சில்வர் டப்பாக்களில், கம்பளிப் பையின் அடியில் இருந்தது. கையில் தண்ணீர் பாட்டில்கூட வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டோம். குரங்குகள் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. அவை உணவை மோப்பம் பிடிப்பதைவிடப் பையையும் சத்தத்தையும்தான் அடையாளம் வைத்திருக்கின்றன. முறுக்குப் பாக்கெட்டைக் கையில் கொடுத்துக் குழந்தையை நடக்கவிட்டால், குரங்கு அந்தக் குழந்தையிடம்தான் வரும். பறித்தால் விட்டுவிடச் சொல்லிக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே பழக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால்தான் கடி.

மழை முடிந்த அந்த மாதங்களில் புல் இடுப்பளவு நிற்கும், பட்டாம்பூச்சிகள் நிறைய இருக்கும். ஆனால் புல்லில் உண்ணியும் இருக்கும். முழுக்கால் சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுகிறோம். வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது குழந்தைகளின் காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்புப் பட்டை பதியும் இடம் எல்லாம் பார்த்துவிடுவேன். உண்ணி கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் ஊற்றுவதோ நெருப்பு வைப்பதோ கூடாது. தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும்.

மார்கழி வந்தால் சந்தை முழுக்க மொச்சை. இங்கே அவரேகாய் என்பார்கள். ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து உரித்து, ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்தால் மறுநாள் பிதுக்கம்பருப்புக் குழம்பு. வாணியம்பாடிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து வேண்டாம். இந்தப் பருவத்தில் நாங்கள் போகும் இடம் ஜக்கூர் ஏரி. காணும் பொங்கலுக்கு இங்கே விடுமுறை கிடையாது. அதனால் பொங்கலை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையே எங்களுக்குக் காணும் பொங்கல். ஏழு மணிக்குப் போனால் தண்ணீருக்கு மேல் பனி நிற்கும். அதற்குள்ளிருந்து கூழைக்கடாக்கள் ஒவ்வொன்றாக வெளியே மிதந்து வரும். நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். கரையோரக் கல்லில் மஞ்சள் வயிறும் சாம்பல் முதுகுமாக ஒரு வாலாட்டிக் குருவி வரும். குளிர்காலத்துக்கு இமயமலைப் பக்கத்திலிருந்து வருகிற பறவை. சித்திரைக்குள் போய்விடும். மகன் அதைத் தன் விருந்தாளி என்றுதான் சொல்வான்.

அந்த ஏரியின் கதையையும் குழந்தைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நகரத்தின் கழிவுநீர் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தமாகி, பிறகு கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பு வழியாக வடிந்து ஏரிக்குள் வருகிறது. செடிகள் மிச்ச அழுக்கை உறிஞ்சிக்கொள்கின்றன. நாம் வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் ஓர் இடத்தில்தான் இந்தப் பறவைகள் இருக்கின்றன என்று தெரிந்த பிறகு, மகள் சிங்க்கில் எண்ணெய் ஊற்றவிடுவதில்லை. ஏரிக்கரையில் ஒன்றே ஒன்று செய்யாதீர்கள்: பறவைகளுக்கும் மீன்களுக்கும் ரொட்டியோ சோறோ போடாதீர்கள். பாசத்தோடுதான் போடுகிறோம், ஆனால் அது தண்ணீரில் அழுகி ஏரியைக் கெடுக்கிறது.

லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு ஒரு முறை குடியரசு தினத்தன்றே போய், கண்ணாடி மாளிகையின் வாசலில் கூட்டத்தில் அம்மாவுக்கு மூச்சுத் திணறிவிட்டது. கண்காட்சி ஜனவரியிலும் ஆகஸ்டிலும் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. பார்க்க வேண்டும் என்றால் வேலை நாளில், காலையில் கதவு திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். எனக்கு லால்பாக் பிடிப்பது அதற்குப் பிறகு, மாசி பங்குனியில்தான்.

மாசி பங்குனியில் இந்த ஊரில் நடப்பதை எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. இளஞ்சிவப்பு டபேபுயா முடியும்போது மஞ்சள் டபேபுயா தொடங்கும். இலையே இல்லாமல் மரம் முழுவதும் மஞ்சள். அது உதிரும்போது ஜகரண்டாவின் ஊதா. கூடவே புங்கமரம் பழைய இலையை எல்லாம் கொட்டிவிட்டு, பத்தே நாளில் எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பான தளிரைப் போர்த்திக்கொள்ளும். அப்புறம் சரக்கொன்றை, குல்மொஹர். இது தானாக அமைந்தது இல்லை. 1908இல் லால்பாக் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரும்பீகல், ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று பூக்கும்படி தெருக்களுக்கு மரங்களைத் தேர்ந்தார் என்று சொல்வார்கள். பின்னர் 1980களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் லட்சக்கணக்கான மரங்களை நகரம் முழுக்க நட்டார். இன்று நாம் நிற்கும் நிழல்களில் பல அவர் காலத்தவை. அவருடைய காலத்தில் கன்றாக இருந்த மரத்தடியில் என் பிள்ளைகள் பூப் பொறுக்குகிறார்கள் என்று நினைத்தால் நன்றியாக இருக்கிறது.

ஜமக்காளம் விரிக்க இடம் தேடும்போது அம்மா டபேபுயாவை ரசித்துவிட்டுப் புங்கமரத்தடிக்குத்தான் போவார். "பூவெல்லாம் சரி, உக்காரணும்னா புங்க நிழல்தான்." அவர் சொல்வது உண்மை. இலை உதிர்த்துப் பூக்கும் மரத்தடியில் பங்குனி வெயில் அப்படியே இறங்கும். லால்பாக்குக்குள் நாங்கள் சாப்பாட்டு மூட்டையைப் பிரிப்பதில்லை. நடந்து, பார்த்து, வெளியே வந்துதான் சாப்பாடு. நகரப் பூங்காக்களில் இதை நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பாடு என்று வந்துவிட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளியே போகும் நாளுக்கு அம்மாவின் புளியோதரையை விஞ்சிய உணவு இல்லை. புளிக்காய்ச்சலை முந்தின நாளே நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சி வைத்துவிடலாம். காலையில் சோறு வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, மின்விசிறியடியில் முழுக்க ஆறவைத்துக் கிளற வேண்டும். இந்த ஆறவைக்கும் அரைமணி நேரத்தைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி வேர்த்து, பத்து மணிக்கே வாடை வந்துவிடும். தயிர்சாதத்துக்குச் சோற்றை நன்றாகக் குழைத்துப் பால் ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டால் போதும். சாப்பிடும் நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். தேங்காய்ச் சட்டினி வேண்டவே வேண்டாம். இட்லி வேண்டும் என்றால் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலையில் கட்டுங்கள். அப்பளம் நமத்துப்போகும், மோர் மிளகாயும் வடகமும் தாங்கும். குழந்தைகளுக்கு வேகவைத்த நிலக்கடலையும் கொய்யாவும். தட்டுக்குத் தையல் இலை. அதையும் வீட்டுக்கே கொண்டுவந்து குப்பையில் சேர்க்கிறோம், இலைதானே என்று விட்டுவருவதில்லை. சோறு ஒட்டிய இலைக்கு நாயும் குரங்கும் வரும், அடுத்து வருபவர்களுக்கு அந்த இடம் இல்லாமல் போகும்.

இன்னொரு பையும் வாசலுக்குப் பக்கத்தில் எப்போதும் தயாராக இருக்கும். ஜமக்காளம், அம்மாவின் மூட்டுவலிக்காக ஒரு மடக்கு ஸ்டூல், இரண்டு துண்டு, மாற்றுத் துணி, ஓஆர்எஸ் பொட்டலம், பழைய செய்தித்தாள், டார்ச். தரையில் உட்கார்ந்தால் அம்மாவால் எழ முடியாது. அந்த ஸ்டூல் வாங்கும் வரை அவர் பாதி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தார், எங்களிடம் சொல்லவும் இல்லை. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் நாற்காலியையும் கழிப்பறையையும் முதலில் யோசியுங்கள். வழியில் எந்த உணவகத்தில், எந்தப் பெட்ரோல் பங்கில் சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்று என் கணவர் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். அது இல்லாத பயணங்களில் அம்மா காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார். வெயிலில் அது ஆபத்து.

சித்திரையில்தான் எங்களுக்குப் பெரிய பாடம் கிடைத்தது. லால்பாக்கில் கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் பாறை இருக்கிறதே, அது 300 கோடி ஆண்டுப் பழமையானது. ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு அதன் மேல் இருந்தோம். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. குழந்தைகள் மழையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்கும் ஆசைதான். இரண்டு நிமிடத்துக்குள் காற்று மாறியது, மின்னியது, நாங்கள் இறங்கி ஓடிப் பெரிய மரம் ஒன்றின் அடியில் ஒதுங்கினோம். ஒரு காவலாளி தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "மரத கெளகே நில்லபேடி!" மரத்தடியில் நிற்காதீர்கள். எங்களைக் கட்டடத்துப் பக்கம் விரட்டினார். நாங்கள் கூரைக்குள் போன சிறிது நேரத்தில் எங்கோ பக்கத்தில் ஒரு கிளை முறியும் சத்தம் கேட்டது. மகளின் கை என் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஊரில் சித்திரை வைகாசி மழை பெரும்பாலும் பிற்பகலில், இடியோடும் காற்றோடும்தான் வருகிறது. காலை வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்த இரண்டு மாதங்களில் மூன்று மணிக்கு மேல் நாங்கள் திறந்த இடத்தில் இருப்பதில்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் நொடிகளை எண்ணச் சொல்லிக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். காரையும் குல்மொஹர் மரத்தடியில் நிறுத்தாதீர்கள். அழகான மரம், ஆனால் முதல் காற்றில் கிளை முறிவது அதுதான்.

காவிரிக் கரைக்கு ஒரே ஒரு முறை போனோம், முத்தத்திக்கு. தண்ணீர் மேலே அமைதியாகத்தான் இருந்தது. கணுக்கால் அளவுதானே என்று பிள்ளைகள் கேட்டார்கள். நாங்கள் விடவில்லை. அந்தப் பாறைகளுக்கு நடுவே நீர் குடைந்த குழிகளும் சுழல்களும் இருக்கின்றன, மேலே நின்று பார்த்தால் தெரியாது. கிருஷ்ணராஜசாகரில் தண்ணீர் திறந்தால் இங்கே மழை இல்லாமலேயே மட்டம் ஏறும். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே மூழ்கிப்போயிருக்கிறார்கள். ஆற்றை அருகில் வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவதில் எந்தக் குறையும் இல்லை.

ஆடியில் நந்தி மலை. 1478 மீட்டர் உயரம், வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். வார இறுதி விடியற்காலையில் மலைப்பாதை முழுக்க வண்டிகள் நிற்கும் என்பதால், பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு புதன்கிழமை போனோம். சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் ஆடி மாதத்தில் ஏமாந்துபோவார்கள், மேகம்தான் இருக்கும். எங்களுக்கு வேண்டியதே அந்த மேகம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தைல மரங்களின் இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கல்படி வழுக்கும் என்பதால் அம்மாவுக்கு ரப்பர் அடி போட்ட செருப்பு. குழந்தைகளுக்குக் குடை கொடுக்கவில்லை, காற்றுக்குக் குடை நிற்காது, மழைக்கோட்டுதான்.

அர்க்காவதி, தென்பெண்ணை, பாலாறு மூன்றும் இந்த மலைப்பகுதியில்தான் தொடங்குகின்றன என்று மகள் படித்துவிட்டு வந்திருந்தாள். காரில் ஏறியதிலிருந்து அவள் பாட்டியிடம் அதை மட்டும் சொல்லவில்லை, ஒளித்து வைத்திருந்தாள். அம்ருத சரோவர் குளத்தின் படிகளைப் பார்த்துவிட்டு வரும்போது, பாதையோரம் கல்லிடுக்கில் விரல் தடிமனில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்று சொன்னாள். "பாட்டி, உங்க பாலாறு இந்த மலையிலதான் பொறக்குது."

அம்மா ஸ்டூலைக் கேட்டு வாங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணலாகவே பார்த்த ஆறு அவருக்கு. 2021 நவம்பரில் கரைபுரண்டு வந்தபோது பார்க்க முடியவில்லையே என்று இன்றும் சொல்வார். குனிந்து அந்தத் தண்ணீரில் கையை வைத்தார். "இது எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டார். இந்தக் குறிப்பிட்ட ஓடை எந்த ஆற்றுக்குப் போகிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மகள் கைப்பேசியில் திசை பார்த்து, கிழக்கே என்றாள்.

புளியோதரை டப்பாவைத் திறக்காமலேயே கொஞ்ச நேரம் எல்லோரும் நின்றோம். அம்மா என் கைப்பேசியை வாங்கி வாணியம்பாடியில் இருக்கும் பெரியம்மாவைக் கூப்பிட்டார்.

"அக்கா, இங்க மழை பேயுது. தண்ணி கெளம்பிடுச்சு" என்றார்.